அறிசுட்டும் ஆக்கமொழியும்

(மொழியறிவுக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



சில திங்களுக்கு முன்னர் இதுபோன்ற கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். "ஐயா, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'தி' என்றும் 'எ' என்றும் வருகின்றனவே, அவற்றுக்கு ஈடான சொற்கள் தமிழில் இல்லையே, இது நம் மொழிக்குக் குறையன்றோ? அறிந்த பொருளையும் அறியாத பொருளையும் பிரித்துச் சொல்லத் தமிழுக்கு வலியில்லை என்று எங்கள் வகுப்பில் கூறுகின்றார்களே!" என்றார். அவர் அதனை இகழ்ச்சியால் கேட்கவில்லை, கவலையால் கேட்டார். அன்று தெருவோரத்தில் நின்று நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனை இன்று முறையாகச் சொல்ல வந்திருக்கின்றேன்.

இதற்காக ஆங்கிலத்தை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தமிழையும் உடனே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எந்த நாட்டுக்கும் எந்த இனத்துக்கும் தனியுரிமையாகாமல், மாந்தர் அனைவர்க்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் அமர்ந்து ஆக்கிய மொழியை எடுத்துக்கொள்ளப் போகின்றேன். அதன் பெயர் எசுபெராண்டோ. இயற்கை மொழியில் ஒரு சொல் ஏன் இருக்கின்றது என்று கேட்டால், முன்னோர் வழங்கினர், நாமும் வழங்குகின்றோம் என்பதோடு விடை முடிந்துவிடும். ஆக்கமொழியிலோ ஒவ்வொரு சொல்லும் ஒருவர் எண்ணித் துணிந்து வைத்தது. வேண்டாவென்று கருதியிருப்பின் விட்டிருக்கலாம். ஆகவே, 'தி' போன்ற சொல் மாந்தன் எண்ணத்துக்கே இன்றியமையாததா, அன்றிச் சில மொழிகளின் பழக்கந்தானா என்று தேர்ந்து பார்ப்பதற்கு ஆக்கமொழியைவிட நல்ல உரைகல் வேறில்லை.

முதற்கண் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். பேசுவோனும் கேட்போனும் முன்பே அறிந்த பொருள் இது என்று காட்டப் பெயரோடு நிற்கும் சொல்லை இவ்வுரையில் அறிசுட்டு என்பேன். ஆங்கிலத்தின் 'தி' அத்தகையது. கேட்போனுக்குப் புதிதாக ஒன்றைக் கொணர்ந்து நிறுத்தும் சொல்லைப் புதுச்சுட்டு என்பேன். ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' அத்தகையன.

எசுபெராண்டோவை ஆக்கியவர் உலூதவிக்கு இலாசர் சாமென்கோபு என்பார். அவர் 1859இல் பியாலிசுடோக்கு என்னும் ஊரில் யூதக் குடியில் பிறந்தார். அவ்வூர் அன்று உருசியப் பேரரசில் இருந்தது. இன்று போலந்தில் உள்ளது. யூதரும் போலந்தியரும் உருசியரும் செருமானியரும் தத்தம் மொழி பேசி, ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த ஊர் அது. அப்பகையைக் கண்டு நொந்த இளைஞர், யார்க்கும் தனியுரிமையில்லாத பொதுமொழி ஒன்று இருப்பின் இந்நோய் தணியும் என்று நம்பினார். பின்னர்க் கண் மருத்துவரான அவர், 1887இல் வார்சா நகரில், உருசிய மொழியில் எழுதிய தம் முதல் நூலை வெளியிட்டார். அம்மொழியின் இலக்கணம் பதினாறே நெறிகளில் அடங்கியது. விலக்கில்லாத நெறிகள் என்பதே அதன் பெருமை.

அப்பதினாறனுள் முதல் நெறியே நாம் இன்று பேசும் பொருளைப் பற்றியது. புதுச்சுட்டு இம்மொழியில் இல்லை. அறிசுட்டு மட்டுமே உண்டு. அது 'லா' என்னும் ஓரெழுத்தொருமொழி. பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப அது உருமாறாது. இதுவே அந்நெறி தரும் செய்தி. 'டோமோ' என்றால் வீடு. 'லா டோமோ' என்றால் நாம் அறிந்த அவ்வீடு. வீடுகள் பலவாயின் 'லா டோமோய்'. வீட்டை என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லின் 'லா டோமோன்'. பெயர் தன் ஈற்றில் மாறிக்கொண்டே போகும். 'லா' மட்டும் அசையாமல் நிற்கும். செருமானியத்தில் இதே அறிசுட்டுக்குத் 'தெர், தீ, தாசு, தேன், தேம், தெசு' என ஆறு உருவங்கள் உண்டு. பிரஞ்சில் ஆண்பாலுக்கு ஒன்று, பெண்பாலுக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று. அவற்றோடு ஒப்பிட்டால் சாமென்கோபு செய்தது பெரும் எளிமை. பாட்டில் அசை மிகாமல் இருக்க, 'லா'வின் உயிரொலியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பதினாறாம் நெறியில் இசைவும் தந்தார்.

எங்கெல்லாம் 'லா' வாராது என்பதும் அறியத்தக்கது. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களுக்கு முன் அது பொதுவாக வாராது. அப்பெயர்களே தம் பொருளை வரையறுத்துவிடுகின்றன. 'என் வீடு' என்பதுபோல் உடைமைச்சொல் முன்னிற்பின் வாராது. 'அந்த வீடு' என்பதுபோல் சுட்டுச்சொல் வந்தாலும் வாராது. உலகுக்கெல்லாம் ஒன்றேயான கதிரவனைச் சொல்லும்போது 'லா சூனோ' என்று வரும். மொழிகளின் பெயரிலும் வரும். நம் தாய்மொழியை எசுபெராண்டோவில் 'லா தமிலா' என்பர். அங்கே மொழி என்னும் சொல் தொக்கு நிற்கின்றது. தமிழ் என்னும் அடையை மொழிப்பெயராக்கும் வேலையை 'லா' செய்கின்றது. இவ்வளவும் அழகாகத்தான் இருக்கின்றது, மறுப்பதற்கில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு முட்டுப்பாடு தோன்றுகின்றது. 'லா' எவ்வுருவில் வரும் என்பதற்கு நெறி உண்டு. அது எப்போது வரவேண்டும் என்பதற்கு நெறி எங்கே? பெயர்ச்சொல் 'ஓ' என முடியும் என்றால் அதை எவரும் ஒரு நொடியில் கற்கலாம். அறிந்த பொருளுக்கு 'லா' இடுக என்றால், எது அறிந்த பொருள் என்ற வினா உடனே எழுகின்றது. சாமென்கோபு எழுதிய பயிற்சி நூலின் 27ஆம் பகுதி இவ்வினாவைத் தொடுகின்றது. அங்கு அவர் சொல்வதன் கருத்து இது: அறிந்த ஆள்களையும் பொருள்களையும் பற்றிப் பேசும்போது 'லா' வரும், அதன் ஆட்சி பிற மொழிகளில் உள்ளது போன்றதே, தம் மொழியன்றிப் பிறிதறியாத உருசியரும் போலந்தியரும் போல, அதன் ஆட்சி விளங்காதவர்கள் தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம், ஏனெனில் அது ஏந்தானது, ஆனால் இன்றியமையாதது அன்று.

பெருமக்களே! இக்கருத்தை உற்று நோக்குங்கள். விலக்கில்லா நெறிகளால் மொழி ஆக்கியவர், முதல் நெறிக்கு உட்பொருள் கூற வரும்போது, பிற மொழிகளைப் பார்த்துக்கொள்க என்று கைகாட்டுகின்றார். பிற மொழிகள் என்பன எவை? அவர் நாள்தோறும் பேசிய உருசியத்தில் அறிசுட்டு இல்லை, போலந்தியத்தில் இல்லை, அவர் கற்ற இலத்தீனில் இல்லை. எபிரேயத்தில் அறிசுட்டு உண்டு, புதுச்சுட்டு இல்லை. அவர் கைகாட்டியது செருமானியம், பிரஞ்சு முதலிய மேலை மொழிகளையே. அவையாவது தம்முள் ஒத்துப்போகின்றனவா? அன்பு, வாழ்வு என்னும் பண்புப்பெயர்களைப் பொதுவாகச் சொல்லும்போது பிரஞ்சுக்காரர் அறிசுட்டு இடுவர், ஆங்கிலேயர் இடார். நாட்டுப் பெயர்கள் பலவற்றுக்குப் பிரஞ்சில் அறிசுட்டு வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டா. 'என் நூல்' என்பதற்கு இத்தாலியர் அறிசுட்டும் சேர்த்துச் சொல்வர். மற்றவர்க்கு அது புதுமை. ஆகவே, பிற மொழிகளில் உள்ளதுபோல் என்ற ஒரு தொடருக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத பழக்கங்கள் பல புகுந்துகொண்டன. அறிசுட்டே இல்லாத மொழி பேசும் சப்பானியரும் சீனரும் உருசியரும் எந்தப் பழக்கத்தைப் பின்பற்றுவது? பிற நெறிகளை மனப்பாடம் செய்து தேர்ந்துவிட்ட ஒருவர்கூட இந்த ஓரெழுத்துச் சொல்லில் தடுமாறும் நிலை இதனால் விளைந்தது.

இதனை வேறெவரினும் நன்றாக உணர்ந்தவர் சாமென்கோபுவே. 1894இல் தம் மொழிக்குச் சில திருத்தங்களை அவரே முன்வைத்தார். அவற்றுள் ஒன்று, அறிசுட்டை அடியோடு நீக்கிவிடுவது! தாமே முதல் நெறியாக வைத்ததைத் தாமே எடுத்துவிட முன்வந்தார். அம்மொழியின் இதழ் வாயிலாக அன்பர்களின் கருத்து கேட்கப்பட்டது. பெரும்பாலோர், மாற்றம் வேண்டா, பழையபடியே இருக்கட்டும் என்றனர். ஆக்கியவர் பணிந்தார். 'லா' நிலைத்தது. 1905இல் பிரான்சு நாட்டின் புலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, அம்மொழியின் அடிப்படை நூலை எவரும் மாற்றலாகாது என்று ஏற்றபோது, முதல் நெறியும் நிலைபெற்றது. அது இன்றியமையாதது அன்று என்னும் பயிற்சி நூற் குறிப்பும் உடன் நிலைபெற்றது.

இதில் இரண்டு பாடங்கள் உள. ஒன்று, அறிசுட்டு மாந்தன் எண்ணத்தின் எலும்பன்று. அதன்மேல் அணியும் உடைகளுள் ஒன்று. மற்றொன்று, ஒரு மொழியின் பழக்கம் அதைப் பேசுவோரிடம் வேரூன்றிவிட்டால், ஆக்கியவரே வந்தாலும் பிடுங்க இயலாது. 1887 முதல் 1894 வரை ஏழே ஆண்டுகள்! ஏழாண்டுப் பழக்கத்துக்கு அவ்வளவு வலிமை. இவ்விரண்டாம் பாடத்தை நெஞ்சில் வைத்திருங்கள். இறுதியில் அதற்குத் திரும்பி வருவேன்.

எசுபெராண்டோ ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். பிற ஆக்கமொழிகளையும் பார்ப்போம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1879 - 80இல், செருமானியக் கத்தோலிக்கப் பங்குத்தந்தை யோகான் மார்ட்டின் சிலேயர் வோலாப்பூக்கு என்னும் மொழியை ஆக்கினார். அதில் வீடு 'டோம்'. வீட்டினது 'டோமா', வீட்டுக்கு 'டோமே', வீட்டை 'டோமி'. அறிசுட்டும் இல்லை, புதுச்சுட்டும் இல்லை. 1903இல் இத்தாலியக் கணக்கறிஞர் பேயானோ, இலத்தீனின் ஈறுகளைக் களைந்து எளிமையாக்கிய பொதுமொழி ஒன்றை முன்வைத்தார். அதிலும் அறிசுட்டைக் கட்டாயமாக்கவில்லை. 1907இல் எசுபெராண்டோவைத் திருத்தி எழுந்த இடோ மொழி 'லா'வை வைத்துக்கொண்டு, பன்மை வேறு வகையால் விளங்காதவிடத்துக்கு 'லெ' என ஒன்றைச் சேர்த்தது. 1951இல் வெளிவந்த இன்டர்லிங்குவா, மேலை மொழிகளின் பொதுக்கூறுகளைத் தொகுத்தது ஆதலின், 'லெ' என அறிசுட்டும் 'உன்' என புதுச்சுட்டும் இரண்டையும் கொண்டது.

இவ்வரிசையில் ஒரு வியப்பைக் காணுங்கள். இருவகைச் சுட்டும் உள்ள செருமானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலேயர், தாம் ஆக்கிய மொழியில் இரண்டையும் விட்டார். சுட்டே இல்லாத உருசியத்திலும் போலந்தியத்திலும் தோய்ந்த சாமென்கோபு, தாம் ஆக்கிய மொழியில் ஒன்றைச் சேர்த்தார். உள்ளவர் விட்டார், இல்லாதவர் சேர்த்தார். சுட்டில்லாமல் எண்ண இயலாது என்றால் சிலேயரால் அதை விட்டிருக்க முடியுமா? சுட்டில்லாத மொழி பேசுவோன் அறிந்ததையும் அறியாததையும் பிரித்துணர மாட்டான் என்றால், சாமென்கோபுக்கு 'லா'வின் பயன் எவ்வாறு விளங்கியிருக்கும்? பிரித்துணர்தல் எல்லா மாந்தர்க்கும் பொது. அதற்குத் தனிச்சொல் வைப்பதும் வையாமையும் அவ்வம் மொழியின் வழக்கு.

இச்சுட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலும் இதுவே தெளிவாகும். இலத்தீனில் அறிசுட்டு இல்லை. அம்மொழியில் 'அவன், அது' எனச் சுட்டிய சொல்லே நாளடைவில் தேய்ந்து, பிரஞ்சிலும் இத்தாலியத்திலும் இசுப்பானியத்திலும் அறிசுட்டாயிற்று. 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரே தேய்ந்து புதுச்சுட்டாயிற்று. ஆங்கிலத்தின் 'தி'யும் பழைய சுட்டுச்சொல்லின் தேய்வே. 'ஆன்' என்பது 'ஒன்று' என்னும் எண்ணின் தேய்வே. வேரில் இருந்தவை இரண்டே: சுட்டும் எண்ணும். அவ்விரண்டும் இல்லாத மொழி என்று சொல்லத் தமிழை எவரேனும் துணிவாரா?

இப்போது தமிழுக்கு வருவோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் முதல் இயலாகிய நூன்மரபிலேயே அ, இ, உ என்னும் மூன்று உயிர்களுக்குச் சுட்டு என்று பெயரிட்டார். மேலை மொழிகள் பலவற்றின் அறிசுட்டு, அறிந்தது என்று மட்டும் சொல்லும். அண்மையா சேய்மையா என்று சொல்லாது. நம் சுட்டு அதனையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் வேண்டியபோது மட்டும் வரும்; ஒவ்வொரு பெயரின் தலையிலும் ஏறி உட்காராது.

அஃதன்றி, நம் இரண்டாம் வேற்றுமை செய்யும் நுண்பணியைக் கருதுக. "நூல் வாங்கினேன்" என்கின்றோம். "நூலை வாங்கினேன்" என்றும் சொல்கின்றோம். முன்னதில் எந்த நூல் என்ற கருத்தே இல்லை. வாங்கிய பொருள் நூல் வகையைச் சேர்ந்தது என்பதே செய்தி. பின்னதைக் கேட்டவுடன், நாம் முன்பு பேசிய அந்நூல் என்று கேட்போன் உணர்கின்றான். எசுபெராண்டோவில் செயப்படுபொருளைக் காட்ட ஈற்றில் 'ன்' வேண்டும். அறிந்தது என்று காட்ட முன்னால் 'லா' வேண்டும். இரண்டு கருவிகள். தமிழில் 'ஐ' என்னும் ஓருருபு, அஃறிணைப் பெயரில், இரு வேலையையும் செய்கின்றது. உருபு தொக்கு நின்றால் ஒரு பொருள். விரிந்து நின்றால் ஒரு பொருள். உயர்திணையில் "பையனைக் கண்டேன்" என்று உருபு விரிந்தே வரும் ஆதலின், அங்கே இவ்வேறுபாட்டை இடச்சூழலும் சுட்டும் காட்டும். துருக்கி மொழியிலும் இரண்டாம் வேற்றுமை உருபு வருவதும் வாராமையும் இவ்வாறே அறிந்த பொருளைப் பிரித்துக் காட்டும். அம்மொழியைக் குறையுடையது என எவரும் சொல்வதில்லை.

புதிதாக ஒன்றைக் கொணர்ந்து நிறுத்துவதற்கும் நமக்கு வழி உண்டு. பாட்டி சொல்லும் பழங்கதை "ஓர் ஊரிலே ஓர் அரசன்" என்றுதான் தொடங்கும். ஆகவே 'ஒரு', 'ஓர்' என்பன தமிழுக்கு அயலானவை என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டாத இடத்தில் அவற்றைத் திணிப்பதையே பிழை என்கின்றேன்.

இன்றைய செய்தித்தாளை விரியுங்கள். "அவர் ஒரு மருத்துவர்." "இது ஒரு நல்ல முயற்சி." "தமிழ் ஒரு செம்மொழி." ஆங்கிலத்தின் 'எ'யை எழுத்தெண்ணிப் பெயர்த்ததன் விளைவு இது. கணிப்பொறி வழி மொழிபெயர்ப்பு வந்தபின் இவ்வெள்ளம் கரை புரண்டு ஓடுகின்றது. "அவர் மருத்துவர்" என்பதில் என்ன குறை கண்டோம்? இதில் வேடிக்கை என்ன என்றால், மேலை மொழிகளே இதில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போவதில்லை. ஒருவர் தொழிலைச் சொல்லும்போது பிரஞ்சுக்காரரும் 'அவர் மருத்துவர்' என்று புதுச்சுட்டு இன்றியே சொல்வர். செருமானியரும் அவ்வாறே சொல்வர். எசுபெராண்டோவில் புதுச்சுட்டே இல்லை ஆதலின் 'லி எசுடாசு குராட்சிசுடோ', அஃதாவது 'அவர் மருத்துவர்' என்றுதான் சொல்ல முடியும். ஐரோப்பியச் சொற்களால் ஆக்கிய மொழி இவ்விடத்தில் தமிழோடு ஒத்து நடக்கின்றது. தமிழர் எழுதும் தமிழோ ஆங்கிலத்தோடு ஒட்டி நடக்கின்றது! உலகப் பொதுமை என்று எண்ணி நாம் ஏற்றது ஓர் அண்டை வீட்டுப் பழக்கமே.

இப்போது அந்த மாணவரின் வினாவுக்கு வருகின்றேன். தம்பி, நீ அன்று கேட்டதற்கு விடை இதுதான். 'தி' இல்லாமை குறையென்றால் உருசியமும் சீனமும் சப்பானியமும் இலத்தீனும் குறையுடைய மொழிகள் ஆகவேண்டும். உலகுக்கே பொதுமொழி ஆக்க முனைந்தவர், அது ஏந்தானது, ஆனால் இன்றியமையாதது அன்று என்று உணர்ந்தார். ஒருகால் அதை நீக்கவும் முன்வந்தார். ஏந்தானது என்று அவர் சொன்னதையும் நாம் மறுக்க வேண்டா. உடையவர்க்கு அது ஏந்து. இல்லாதவர்க்கு வேறு ஏந்துகள் உண்டு. பிறர் கருவியைப் பழிப்பது நம் வேலையன்று; நம் கருவியை அறியாமல் துருவேற விடுவதுதான் பழி.

இறுதியாக, நான் நெஞ்சில் வைக்கச் சொன்ன பாடம். ஏழாண்டு வழங்கிய 'லா'வை விட்டுக்கொடுக்க அம்மொழி அன்பர்கள் இசையவில்லை. அவர்கள் சிலர், உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்தவர்கள், அவர்களுக்கு அரசு இல்லை, நாடு இல்லை, அம்மொழி தாய்மொழியும் அன்று. ஆயினும், எங்கள் மொழியின் இயல்பு இது என்று ஆக்கியவரிடமே சொன்னார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இலக்கியமும் இலக்கணமும் கண்ட நம் மொழியின் இயல்பை, கேட்பாரின்றி, ஒரு நாளிதழின் விரைவுக்கும் ஒரு பொறியின் பெயர்ப்புக்கும் நாம் விட்டுக்கொடுக்கலாமா?

இதற்குப் பெரும்போர் எதுவும் வேண்டா. இன்றிரவு நீங்கள் எழுதும் மடலிலோ கட்டுரையிலோ 'ஒரு' வருமிடமெல்லாம் நின்று, இது இல்லாவிட்டால் பொருள் கெடுமா என்று ஒருமுறை கேளுங்கள். கெடும் என்றால் இருக்கட்டும். கெடாது என்றால் அடித்துவிடுங்கள். 'அந்த' என்னும் சொல்லையும் அவ்வாறே ஆராயுங்கள். 'ஐ' உருபை எங்கே விரிப்பது, எங்கே தொகுப்பது என்று உங்கள் தாயின் பேச்சைக் கேட்டுத் தெளியுங்கள். அவர் எந்த இலக்கணமும் கற்காமலே அதனைப் பிழையின்றிச் செய்துகொண்டிருக்கின்றார்.